நான் பூட்டிய வீடு

“டெனிஷ் வாசிக்கத் தெரிஞ்ச பிள்ளை இருக்கிற வீடெண்டு கள்ளன் வாசல்ல நிண்டு கும்பிட்டுட்டுப் போவானோ?” என்று மாமா கேட்டார்.

எனக்கு அப்போது பதினொரு வயது. பள்ளிக்கூடத்துக்கு வந்த ஒரு பொலிஸ்காரர் எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்த தாளை மேசையில் விரித்து, வரி வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். வீட்டைக் கள்ளரிடமிருந்து காப்பது எப்படி என்பதுதான் அதில் இருந்தது. அப்பா முன்னால் குனிந்து கேட்டார். அம்மா வெங்காயம் வெட்டியபடி கேட்டார். அம்மாவின் தம்பியான மாமா மட்டும் தேநீரை ஊதிக் குடித்துக்கொண்டு, ஒவ்வொரு வரிக்கும் ஒரு நக்கல் வைத்திருந்தார்.

அவருடைய நக்கலுக்குக் காரணம் இருந்தது. எங்கள் குடும்பத்தில் அதுவரை அதிகம் படித்தவர் அவர்தான். எட்டாம் வகுப்பு, அதிலும் பாதி. அம்மா நான்கோடும் அப்பா ஐந்தோடும் இடம்பெயர்ந்தவர்கள். அதற்குப் பிறகு அவர்களுக்குப் பள்ளிக்கூடம் என்பது போய்த் தங்கும் இடமாகத்தான் இருந்தது, படிக்கும் இடமாக அல்ல. டென்மார்க்குக்கு வந்து மொழி வகுப்பில் இருந்தார்கள். அப்பா தொழிற்சாலையில் பேசும் அளவுக்கும், அம்மா முதியோர் இல்லத்தில் துப்புரவு செய்யும் அளவுக்கும் டெனிஷ் வந்தது. வாசிக்க வரவில்லை. நான் எட்டு வயதிலிருந்தே கொம்யூன் என்ற நகரசபையிலிருந்து வரும் கடிதங்களை வாசித்துச் சொன்னேன். அதற்கு முன் அந்த வேலையை மாமா செய்தார். என் மொழிபெயர்ப்பில் தண்டத் தொகை வராது, அவருடையதில் இரண்டு தடவை வந்தது. அதை நான் அவருக்கு நினைவூட்டாமல் இருந்ததில்லை.

அது போர் முடிகிற வருடம். எங்கள் வீடு ஒடென்சே நகரத்தின் ஓரத்தில், ஒன்றோடொன்று ஒட்டிய ஆறு வீடுகளில் நான்காவது. அம்மாவின் தங்கை, என் சித்தி, போர் நடந்துகொண்டிருந்த வன்னியில் இருந்தார். மாசி மாதத்தில் கடைசியாகத் தொலைபேசி எடுத்துக் கதைத்தார். இரண்டு நிமிடத்துக்குள் தொடர்பு அறுந்தது. அதற்குப் பிறகு எங்கள் வரவேற்பறையில் இருந்த தொலைபேசியை யாரும் தேவையில்லாமல் தொடுவதில்லை. சித்திக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே வெளிநாட்டு இலக்கம் அதுதான். சித்தியைப் பற்றி எவருக்கு எது தெரிந்தாலும் அதில்தான் சொல்வார்கள்.

சித்தியின் நகைகளும் எங்கள் வீட்டில்தான் இருந்தன. சமாதானக் காலத்தில் அம்மா ஊருக்குப் போனபோது சித்தி அவற்றை ஒரு பழைய சேலைத் துண்டில் முடிந்து, இங்கே வைத்திருந்தால் என்றாவது பறிபோய்விடும், கேட்கும்போது தா என்று அம்மாவின் கையில் கொடுத்திருந்தார். சித்திக்கு என்று உலகத்தில் மிஞ்சியது அவ்வளவுதான். வங்கியில் பெட்டி எடுத்து வைக்கலாம் என்று அப்பா பல தடவை சொல்லிப் பார்த்தார். கையில் தந்ததைக் கையில்தான் வைத்திருக்கவேணும் என்று அம்மா ஒரேயடியாக மறுத்துவிட்டார்.

சித்திரை பிறந்ததிலிருந்து சனிக்கிழமை தோறும் எங்கள் ஆட்கள் பஸ் பிடித்துக் கோப்பன்ஹேகனுக்குப் போய், போரை நிறுத்தச் சொல்லி நாடாளுமன்றத்துக்கு முன்னால் நின்றார்கள். அப்பாவும் நானும் போவோம். அம்மா வரமாட்டார். தொலைபேசி அடிக்கும் என்பார். ஆனால் தொலைபேசி மட்டும் காரணம் என்றால் யாரையாவது வீட்டில் இருத்திவிட்டுப் போயிருக்கலாம். நகைகளை வேறொருவர் காவலில் விட்டுவிட்டு வாசலைத் தாண்ட அவரால் முடியவில்லை. போருக்குள் அகப்பட்டிருப்பது அவருடைய தங்கை. தெருவில் போய் நிற்க எங்கள் எல்லோரிலும் அதிக உரிமை உள்ளவர், தங்கையின் தங்கத்தைக் காத்துக்கொண்டு தொலைக்காட்சியில் எங்கள் முகங்களைத் தேடினார்.

அந்த நேரத்தில்தான் இரண்டு தெரு தள்ளி இருந்த ஒரு தமிழ் வீட்டில் கள்ளன் புகுந்தான். அவர்கள் குடும்பத்தோடு கோப்பன்ஹேகன் பஸ்ஸில் இருந்தார்கள். திரும்பி வந்து பார்த்தால் தொலைக்காட்சி இருந்த இடத்தில் இருந்தது, கணினி இருந்தது. சமையலறை நிலம் முழுதும் அரிசி. வாளியைக் கவிழ்த்து அடியிலிருந்த நகைகளை எடுத்துக்கொண்டு போயிருந்தான். சாமிப் படங்களுக்குப் பின்னாலும் கைவிட்டுப் பார்த்திருந்தான்.

ஒடென்சேயில் இருந்த தமிழ் வீடுகள் எல்லாம் ஒரு வாரம் அதைப் பற்றியே கதைத்தன. அரிசி வாளிக்குள் நகை இருப்பது வெள்ளைக்காரக் கள்ளனுக்கு எப்படித் தெரியும்? நிச்சயம் எங்கட ஆக்கள்தான் சொல்லிக் கொடுத்திருப்பினம் என்று ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டார்கள். ஒடென்சேயில் அரிசி வாளிக்குள் நகை வைக்காத தமிழ் வீடு ஒன்றுகூட இல்லை என்பதும், அதைக் கண்டுபிடிக்கக் கள்ளனுக்கு ஒரு வீடு போதும் என்பதும் எவருக்கும் தோன்றவில்லை. அம்மா அன்றே சுதாரித்துக்கொண்டார். சித்தியின் நகை முடிச்சை அரிசி வாளியிலிருந்து எடுத்துப் பருப்பு வாளிக்குள் வைத்தார்.

பொலிஸ்காரர் வகுப்புக்கு வந்தது அதற்கு அடுத்த கிழமை. அவர் சொன்ன ஒன்று என்னைப் பிடித்துக்கொண்டது. கள்ளன் முதலில் பூட்டைப் பார்ப்பதில்லை, வீட்டில் ஆள் இருக்கிறதா என்றுதான் பார்ப்பான் என்றார். நான் அன்று பின்னேரம் எங்கள் வீட்டு வாசலுக்கு எதிரே, தெருவின் மறுகரையில், சைக்கிளைப் பிடித்தபடி நின்று எங்கள் வீட்டைக் கள்ளனாகப் பார்த்தேன்.

சப்பாத்துகள் கண்ணில் பட்டன. டெனிஷ்காரர் சப்பாத்தைக் கதவுக்கு உள்ளே கழற்றுவார்கள். நாங்கள் வெளியே படியில் கழற்றுவோம். எத்தனை பேர் வீட்டில் இருக்கிறோம் என்பதைத் தெருவில் போகிறவன் படியைப் பார்த்து எண்ணிவிடலாம். எல்லோரும் போய்விட்டால் படி துடைத்து விட்டதுபோல் இருக்கும். இவ்வளவு காலமும் நாங்கள் வெளியே போகும் ஒவ்வொரு நாளும், வீடு காலி என்று வாசலில் எழுதி வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறோம்.

அன்றிரவு தாளை மேசையில் விரித்து நான் சொன்னேன்: வருகிற சனி அம்மா கோப்பன்ஹேகனுக்குப் போகலாம், வீட்டை நான் பூட்டித் தருகிறேன். அப்போதுதான் மாமா கள்ளன் கும்பிடுவதைப் பற்றிக் கேட்டார்.

அம்மா வெங்காயக் கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “ஒருக்காலாவது நானும் போய் நிக்கவேணும், பிள்ளை,” என்றார். தொலைபேசி ஒரு பகல் அடித்து ஓய்ந்தாலும், தேவையானவர்கள் இரவு திரும்ப எடுப்பார்கள் என்று அப்பா சொன்னார். அதற்கு மேல் எனக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை.

சனிக்கு ஐந்து நாள் இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வேலை தொடங்கினேன். முதலில் பின்பக்கத்து வேலி. ஆளுயரத்துக்கும் மேலே வளர்ந்த பச்சை வேலி அது. அம்மா கொடியில் போடும் சேலைகளை ஆரும் பார்க்கக்கூடாது என்று அப்பா வளரவிட்டிருந்தார். அதற்குப் பின்னால் ஒருவன் நின்று யன்னலைக் கழற்றினாலும் தெருவுக்குத் தெரியாது. இடுப்பளவுக்கு வெட்டவேணும் என்றேன். அப்பா ஒரு நாள் யோசித்தார். மறுநாள் வேலையால் வந்து, தொழிற்சாலை உடுப்பு மாற்றாமலே கத்திரியை எடுத்தார். வேலி குறையக் குறைய அவர் முகமும் வாடியது, ஆனால் நிறுத்தவில்லை.

ஏணி அடுத்தது. எங்கள் ஏணி கொட்டகைச் சுவரில் சாத்தியபடி எப்போதும் வெளியே கிடக்கும். மேல் யன்னலுக்குப் போகக் கள்ளனுக்கு நாங்களே எடுத்துவைத்த படி. அதை நிலத்தில் கிடத்தி, என் பழைய சைக்கிள் பூட்டால் இரும்புக் குழாயோடு பிணைத்தேன். பின்கதவின் கைபிடிக்குத் திறப்பு, அதாவது சாவி, போட்டுப் பூட்டும் வகை வாங்கி வந்து அப்பா மாற்றினார். குளியலறை யன்னல், நாங்கள் எப்போதும் கொஞ்சம் திறந்து விடும் அந்தச் சின்ன யன்னல், இனி நாங்கள் வெளியே போகும்போது மூடப்படும் என்று குளியலறைக் கதவில் டெனிஷில் எழுதி ஒட்டினேன். எழுதியதை வாசிக்கக்கூடிய ஒரே ஆள் நான்தான் என்பது பிறகுதான் உறைத்தது. அதற்குக் கீழே ஒரு யன்னலை வரைந்து சிவப்பால் கோடு போட்டேன்.

வீட்டுத் திறப்பு கொட்டகை வாசலில் இருந்த அப்பாவின் ரப்பர் சப்பாத்துக்குள் கிடக்கும். எங்களுக்கு நெருக்கமான எல்லோருக்கும் அது தெரியும். மாமா அதை எடுத்துத் திறந்துகொண்டு வந்து, நாங்கள் வருமுன் சோறு போட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போகிற நாட்களும் உண்டு. நான் அந்தத் திறப்பை எடுத்துவிட்டேன். வெளியே எங்கும் திறப்பு வைக்கக்கூடாது என்று தாளில் இருந்தது. மாமாவுக்குச் சொல்லவில்லை. சொல்ல மறந்ததாக அப்போது நினைத்தேன். உண்மையில் சொல்ல விருப்பமில்லை.

நகைகளைப் பருப்பிலிருந்து எடுத்து, வெள்ளைச் சீலையில் பரப்பி, பக்கத்தில் அளவு தெரிய என் அடிமட்டத்தை வைத்து ஒவ்வொன்றாகப் படம் பிடித்தேன். களவு போனாலும் எது எங்களுடையது என்று காட்ட அது வேணும். அம்மா ஒவ்வொன்றையும் சீலையில் வைக்கும்போது, இது சாமத்தியச் சடங்குக்குப் போட்டது, இது மகள் பிறந்தபோது செய்வித்தது என்று சொல்லிக்கொண்டு வைத்தார். பிறகு அவற்றுக்குப் புதிய இடம் பார்த்தோம். அது சமையலறையும் இல்லை, சாமி அலுமாரியும் இல்லை, சேலை அடுக்கும் இல்லை. எங்கே என்று இன்றும் எழுதமாட்டேன்.

விளக்கையும் வானொலியையும் தானாக எரியவும் பாடவும் வைக்கிற சின்ன மணிக்கூடு இரண்டு வாங்கினோம். அடுத்தது பக்கத்து வீடு. அங்கேதான் வீட்டில் சண்டை வந்தது.

பக்கத்து வீட்டில் இருந்தவர் நகரப் பஸ் ஓட்டுகிற ஒரு பெண்மணி. நாற்பது வயது இருக்கும். வாசலில் நின்று சிகரெட் பிடிப்பார். ஏழு வருடத்தில் நாங்கள் அவரிடம் வணக்கத்துக்கு மேல் எதுவும் கதைத்ததில்லை. தாளில் கொட்டை எழுத்தில் இருந்தது இதுதான்: போகுமுன் அயலாரிடம் சொல்லுங்கள். உங்கள் வாசலில் அவர்களுடைய காரை நிறுத்தச் சொல்லுங்கள். உங்கள் தொட்டியில் அவர்களுடைய குப்பையைப் போடச் சொல்லுங்கள். உங்கள் தபால்பெட்டியில் பிதுங்கும் விளம்பரத் தாள்களை எடுக்கச் சொல்லுங்கள்.

அம்மாவுக்கு இது அடியோடு பிடிக்கவில்லை. வெளிக்கிடும்போது எங்கே போகிறாய் என்று ஆரும் கேட்டாலே திரும்பி வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகிறவர் அவர். வீட்டில் ஆள் இல்லை என்பதை நாங்களாகவே இன்னொரு வீட்டுக்குப் போய்ச் சொல்வதா? அடுத்த வீட்டுக் குப்பையை எங்கள் தொட்டியில் போடக் கெஞ்சிக் கேட்பதா? மாமாவுக்கு அன்று நல்ல தீனி. “காரை நிப்பாட்டச் சொல்லு, குப்பையைக் கொட்டச் சொல்லு, அப்பிடியே வீட்டையும் எழுதிக் குடுத்துட்டு வா,” என்றார்.

நான் சொல்ல வேண்டிய வசனங்களை அறைக்குள் நின்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, ஆருக்கும் சொல்லாமல் போய் அவர் கதவைத் தட்டினேன். அவர் பஸ்காரச் சீருடையில் இருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இவ்வளவுதானா என்றார். சனிக்கிழமை தனக்கு வேலை இல்லை, கார் பிரச்சினை இல்லை, தன் குப்பைத் தொட்டி எப்போதும் நிரம்பித்தான் இருக்கிறது, அதனால் அதுவும் பிரச்சினை இல்லை என்றார். பிறகு, உங்கள் சொந்தக்காரர் எவராவது வருவார்களா என்று கேட்டார். நான் ஒரு கணமும் யோசிக்கவில்லை. எங்கள் ஆட்கள் எல்லோரும் கோப்பன்ஹேகனில் இருப்பார்கள், அன்று வருகிறவர் என்ன சொன்னாலும் நம்பவேண்டாம் என்றேன். சொல்லிவிட்டு வரும்போது எனக்கு என்னைப் பற்றிப் பெருமையாக இருந்தது.

சனிக்கிழமை காலை அம்மா மூன்று தடவை கதவை இழுத்துப் பார்த்தார். படியில் நான் பழைய சப்பாத்துகளை வைத்தேன். அப்பாவின் வேலைச் சப்பாத்து நடுவில், என்னுடையது ஒன்று கவிழ்ந்தபடி, உண்மையாகக் கழற்றியது போல. பக்கத்து வீட்டுச் சிவப்புக் கார் எங்கள் வாசலுக்கு வந்து நின்றது. அம்மா அந்தப் பெண்மணியைப் பார்த்து முதல் தடவையாகச் சிரித்தார். மாமா வரவில்லை. அவர் பூங்கன்று வளர்க்கும் கண்ணாடிக் கூடத்தில் வேலை செய்தார். வைகாசியில் அங்கே சனிக்கிழமைக்கு லீவு கிடைக்காது.

அம்மா அன்று நாடாளுமன்றத்துக்கு முன்னால் ஐந்து மணித்தியாலம் நின்றார். அவர் கத்துவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வீட்டில் குரல் உயர்த்தாதவர். சித்தியின் படம் ஒட்டிய மட்டையை இரண்டு கையாலும் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு, வந்த சொற்களை எல்லாம் கத்தினார். தமிழும் டெனிஷும் கலந்து, அரைவாசி பிழையாக. திரும்பும் பஸ்ஸில் அவருக்குத் தொண்டை அடைத்துவிட்டது. கடல்பாலத்தைக் கடக்கும்போது என் தலையை மடியில் வைத்து, குரலே இல்லாமல், நல்ல வேலை செய்தாய் பிள்ளை என்றார். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த எந்தச் சான்றிதழிலும் அப்படி எழுதியிருக்கவில்லை.

நாங்கள் தெருவுக்குள் திரும்பியபோது ஏழு மணி. நல்ல வெயில். எங்கள் வீட்டு வாசலில் பொலிஸ் கார் நின்றது.

அம்மா என் கையை இறுக்கினார். அருகில் போனால், சிவப்புக் காரில் சாய்ந்துகொண்டு பக்கத்து வீட்டுப் பெண்மணி சிகரெட் பிடித்தபடி நின்றார். பொலிஸ் காரின் பின் இருக்கையில், கதவு திறந்திருக்க, கால்களை வெளியே தொங்கவிட்டுக்கொண்டு மாமா இருந்தார். கை முழுக்க மண். வேலை உடுப்பு.

பெண்மணி நடந்ததைச் சொல்ல, நான் மொழிபெயர்த்தேன். ஆறு மணிக்கு இந்த ஆள் வந்தார். கொட்டகை வாசலில் இருந்த சப்பாத்துகளைத் தூக்கித் தூக்கி உதறினார். ஏணியை இழுத்துப் பார்த்தார், அது வரவில்லை. குளியலறை யன்னலைத் தள்ளிப் பார்த்தார், அது திறக்கவில்லை. பிறகு சமையலறை யன்னலில் முகத்தை வைத்து உள்ளே பார்த்துக்கொண்டு, கண்ணாடியில் உள்ளங்கையால் அடித்தார். வேலி தாழ்வாக இருந்ததால் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. யார் என்று கேட்டேன். அக்கா வீடு என்றார். நீதான் எவரையும் நம்பவேண்டாம் என்றாயே. கண் சிவந்து, நிதானமில்லாமல் இருந்தார், அதனால் பொலிஸைக் கூப்பிட்டேன்.

நான் அதை ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன். “உங்களைக் குடிவெறிகாரன் எண்டு நினைச்சவவாம், மாமா,” என்று சேர்த்துக்கொண்டேன். அப்பா சிரித்துவிட்டார். பஸ்ஸால் இறங்கி எங்களோடு நடந்து வந்த இரண்டு மூன்று பேரும் சிரித்தார்கள்.

இளம் பொலிஸ்காரர் ஒருவர், இவர் எங்கள் ஆள்தான் என்பதை அப்பாவிடம் உறுதி செய்துகொண்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார். அக்கா வீட்டுக்குள் போக ஏன் இவ்வளவு அவசரம்? நான் மாமாவிடம் திரும்பிக் கேட்டேன்.

மாமா என்னைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தார். அம்மா மட்டையை இன்னும் கையில் வைத்துக்கொண்டு, தொண்டையைத் தடவியபடி, களைத்த முகத்தில் ஒரு சிரிப்போடு நின்றார். பிறகு மாமா, “மருமகளின்ர காவல் எப்பிடியெண்டு சோதிச்சுப் பாக்க வந்தனான் எண்டு சொல்லு,” என்றார்.

நான் டெனிஷில் சொன்னேன். நன்றாக, உரக்க, பிழையில்லாமல் சொன்னேன். பொலிஸ்காரர் சிரித்து, சோதனையில் நீ தேறிவிட்டாய் என்று எனக்குக் கை கொடுத்தார்.

வீட்டுக்குள் வந்ததும் அம்மா முதலில் நகைகளைப் போய்ப் பார்த்தார். இருந்தன. மாமா கையைக்கூடக் கழுவாமல் வரவேற்பறைக்குப் போய்த் தொலைபேசிக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்துகொண்டார். எட்டு மணி போல் அது அடித்தது. அம்மா எழும்புவதற்கு முன் மாமா எடுத்துவிட்டார். “ஓம். நான்தான். ஓம். பிறகு நான் எடுக்கிறன்,” என்று வைத்தார். வேலையிடத்திலிருந்து என்றார். அன்றிரவு தன் வீட்டுக்குப் போகவில்லை, தொலைபேசிக்கு அருகில் சோபாவிலேயே படுத்தார். மறுநாளும் போகவில்லை, திங்களும் வேலைக்குப் போகவில்லை. தெருவில் பொலிஸ் காரில் இருந்த வெட்கத்தால் வெளியே போக முடியாமல் இருக்கிறார் என்று நான் முடிவு செய்தேன். இடையில் என்னைக் கூப்பிட்டு, ஏணியை எப்படிப் பூட்டினேன் என்று கேட்டார். நான் விளக்கினேன். கெட்டிக்காரி என்றார். வென்றுவிட்டேன் என்று எனக்குத் தோன்றியது.

செவ்வாய்க்கிழமை, நான் பள்ளிக்கூடத்தால் வந்தபோது சமையலறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே அம்மாவின் சத்தம் கேட்டது. சித்தி இல்லை என்ற செய்தி அன்று வந்ததாக எனக்குச் சொன்னார்கள். சித்தியின் சின்ன மகள் மட்டும் முகாமில் இருக்கிறாள் என்றார்கள். அந்த நகைகளை இரண்டு வருடம் கழித்து அம்மா தன் கையாலேயே கொண்டுபோய் அவளிடம் கொடுத்தார்.

மாமா பொலிஸ் காரில் இருந்த கதையை நான் வருடக்கணக்காகச் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் கட்டுரையாக எழுதினேன். பிறந்தநாள்களில் சொன்னேன். சப்பாத்தை உதறுவதையும் ஏணியை இழுப்பதையும் நடித்துக் காட்டுவேன். மாமா எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரிப்பார். கட்டடத் தொழில்நுட்பம் படித்துப் பட்டம் வாங்கிய அன்று, எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் என்று எனக்கு வீட்டில் விருந்து வைத்தார்கள். அன்றும் சொன்னேன். இதுதான் என் முதல் வேலை என்று தொடங்கி, முழுதாக நடித்தேன்.

விருந்து முடிந்து, மாமாவை அவர் வீட்டில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது, அம்மா காரில் என் பக்கத்தில் இருந்தார். “இனி அந்தக் கதையைச் சொல்லாதை, பிள்ளை,” என்றார். பிறகு சொன்னார்.

அந்தச் சனிக்கிழமை பின்னேரம் கண்ணாடிக் கூடத்தில் மாமாவின் கைத்தொலைபேசிக்கு லண்டனிலிருந்து ஓர் அழைப்பு வந்திருக்கிறது. சித்தி செல் குண்டு விழுந்து செத்துவிட்டதாக ஒருவர் சொன்னதாக. அக்கா வீட்டுக்கு எடுத்தோம், ஆரும் இல்லை, கொஞ்ச நேரத்தில் திரும்ப எடுக்கப் போகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். அப்பாவின் கைத்தொலைபேசிக்கு மாமா எடுத்திருக்கலாம். ஆனால் அப்பாவுக்குப் பக்கத்தில் அம்மா நின்றிருப்பார், மட்டையைத் தூக்கிக்கொண்டு. அந்த வாரங்களில் செத்தவர் என்று சொல்லப்பட்ட எத்தனையோ பேர் மறுநாள் முகாமில் உயிரோடு இருந்தார்கள். உறுதியாகத் தெரியும் வரை அக்கா அதைத் தொலைபேசியில் கேட்கக்கூடாது என்று மண் கையோடு சைக்கிளில் வந்திருக்கிறார். வந்து, நான் பூட்டிய வீட்டின் வெளியே நின்று, உள்ளே தொலைபேசி அடிப்பதைக் கண்ணாடி வழியாகக் கேட்டிருக்கிறார். சித்தி அவருக்கும் தங்கச்சி. மூன்று நாள் அந்தச் செய்தியைத் தனியே வைத்துக்கொண்டு, ஏணியைப் பற்றி என்னிடம் கேட்டிருக்கிறார்.

அவர் சொன்ன பொய்யை டெனிஷில் சொன்னது என் வாய். கள்ளன் எப்படியெல்லாம் ஒரு வீட்டைப் பார்ப்பான் என்று தெருவில் நின்று கற்றுக்கொண்ட எனக்கு, அழுத கண்ணுக்கும் குடித்த கண்ணுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. யாரை வெளியே வைப்பது என்பது மட்டும்தான் பாதுகாப்பு என்று நினைத்திருந்தேன். யார் எப்படியும் உள்ளே வரவேணும் என்று ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

செய்த வேலையை நான் பிழை என்று சொல்லமாட்டேன். அந்தப் பூட்டுகளால்தான் அம்மா ஒரு நாளாவது தன் தங்கைக்காகத் தெருவில் நின்றார். அந்த வேலையை இன்னும் முழுதாகச் செய்யவேணும், அவ்வளவுதான். இந்த வருடம் தொடங்கி, ஒடென்சேயில் கேட்கிற தமிழ் வீடுகளுக்குச் சனிக்கிழமைகளில் போய், கதவு, யன்னல், வேலி பார்த்துச் சொல்வது என்று முடிவு செய்தேன். தமிழில் ஒரு தாளும் எழுதினேன். போன சனிக்கிழமை முதல் வீட்டுக்குப் போனேன். தனியாக இருக்கும் ஓர் அக்கா. பூட்டைக் காட்ட வாசலுக்குக் கூட்டிப் போனவரை நிறுத்தி, என் தாளின் முதல் கேள்வியைக் கேட்டேன்.

“அக்கா, உங்களுக்கு ஒரு கெட்ட செய்தி வந்தா, கதவைத் திறந்துகொண்டு உள்ளுக்கு வந்து உங்களோட இருக்கவேண்டிய ஆள் ஆர்?”

அவர் பூட்டிலிருந்து கையை எடுத்தார். பிறகு ஒரு பெயர் சொன்னார். பூட்டைப் பார்ப்பதைப் பிறகு வைத்துக்கொண்டு, இருவருமாகக் கடைக்குப் போய் இரண்டாவது திறப்பு வெட்டுவித்தோம்.